சார்ள்ஸ் லோட்டனும் கலிலியோவும்: ஓர் ஆங்கில நடிகரின் வாழ்வும் கலையும்

பேர்டோல்ட் பிரெக்டின் நாடகக் கொள்கை பற்றி நம்மிடையே பேசப்பட்டும் எழுதப்பட்டும் வந்துள்ளது. தூரப்படுத்தல், காவியபாணி அரங்கு முதலான கருத்துக்கள் நாடக மாணவர்க்குப் பழக்கமானவை. எனினும், அக்கொள்கை ஆற்றுகையில் உருப்பெற்ற முக்கிய கட்டமொன்றிலே, ஜேர்மன் மொழி அறியாதவரும், ஹொலிவூட் படங்களினால் உலகப் புகழ் பெற்றவருமான ஆங்கில நடிகர் ஒருவர் பிரெக்டின் சமபங்காளியாக நின்று உழைத்தார் என்பது அதிகம் கவனிக்கப்படவில்லை. அவரே சார்ள்ஸ் லோட்டன் (1899–1962).

நடிகரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர் ஏற்ற பாத்திரங்களை நிரற்படுத்துவதோடு அமைவர். அன்றேல் அவரது அந்தரங்க வாழ்விலே ஆர்வங் கொள்வர். இக்கட்டுரையிலே நாம் வேறொரு வினாவை முன்வைக்க விரும்புகின்றோம். வணிக அரங்கிலும் வணிகத் திரைப்படத்திலும் உச்சநிலை எய்திய ஒருவர், சில நாட்களே மேடையில் நின்ற ஒரு நாடகத்திற்காக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஏன் பாடுபட்டார்? அந்நாடகம் எழுப்பிய பிரச்சினை அவர் வாழ்வில் எங்ஙனம் எதிரொலித்தது? இவற்றுக்கு விடை காண, அவரது வாழ்க்கையை அவர் வாழ்ந்த சமூகத்தோடு இணைத்து நோக்குதல் வேண்டும்.

தோற்றமும் பயிற்சியும்

லோட்டன் 1899 யூலை 1ஆந் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பிரதேசத்திலுள்ள ஸ்காபரோ என்னுங் கடற்கரை நகரிற் பிறந்தார். பெற்றோர் அந்நகரில் விடுதி நடத்தி வந்தவர்கள். விடுமுறையைக் கழிக்க வரும் வசதி படைத்தோருக்குப் பணிவிடை செய்து, அதன் மூலம் தாமும் வசதி பெற்ற கீழ் நடுத்தர வர்க்கக் குடும்பம் அது. புரட்டஸ்தாந்தரே பெரும்பான்மையினராக இருந்த நாட்டிலே அவர்கள் கத்தோலிக்கர். மூத்த மகனான சார்ள்ஸ், இயேசு சபையினர் நடத்திய ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியிற் பயின்றார். பின்னர் குடும்பத் தொழிலைக் கற்பதற்காக இலண்டனின் புகழ்பெற்ற கிளாரிட்ஜஸ் விடுதியிற் பயிற்சி பெற்றார். செல்வர் எவ்வாறு உண்கின்றனர், எவ்வாறு கட்டளையிடுகின்றனர், பணியாள் தன் முகத்தை எவ்வாறு வைத்துக்கொள்கின்றான் என்பனவற்றைத் தொழிலின் நிமித்தம் கூர்ந்து கவனிக்கும் வாய்ப்பு அவருக்கு அங்கு கிட்டிற்று. பிற்காலத்தில் மன்னரையும் ஏவலாளரையும் ஒரே நுணுக்கத்தோடு அவர் சித்திரித்தமைக்கு இவ்வனுபவம் துணைபுரிந்திருத்தல் வேண்டும் என்று கருதுவது பொருத்தமானதே.

முதலாம் உலகப் போரின் இறுதிக் காலத்திலே சாதாரண படைவீரராகப் பிரான்ஸ் போர்முனைக்குச் சென்ற அவர், நச்சுவாயுத் தாக்குதலுக்குள்ளானார். நவீன இரசாயனவியலின் விளைபொருள் ஒன்றைத் தம் உடலிலே அனுபவித்த இளைஞர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னர் விஞ்ஞானியின் பொறுப்பு பற்றிய நாடகமொன்றின் தலைமைப் பாத்திரத்தை ஏற்கவிருந்தார் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

ஊர் திரும்பியபின் விடுதியை நிர்வகித்துக்கொண்டே பயில்முறை நாடகங்களில் நடித்தார். குடும்பத்தின் தயக்கத்தைக் கடந்து, 1925ஆம் ஆண்டில், தமது இருபத்தாறாவது வயதளவிலே, இலண்டனிலுள்ள அரச நாடகக் கலைக் கழகத்திற் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அங்கு தங்கப் பதக்கம் பெற்றார். 1926இல் கோகோலின் 'அரசாங்கப் பரிசோதகர்' நாடகத்தில் வேலைக்காரன் ஒசிப்பாகத் தோன்றியதே தொழில்முறை அரங்கில் அவரது முதற் பிரவேசமாகும்.

1929இல் நடிகை எல்சா லாங்செஸ்டரை அவர் மணந்தார். எல்சாவின் தாயார் ஈடித் லாங்செஸ்டர், கார்ல் மார்க்ஸின் மகள் எலினோரிடம் செயலாளராகப் பணியாற்றிய சோசலிசவாதி. தொழிலாளி ஒருவரோடு திருமணச் சடங்கின்றி வாழத் துணிந்தமைக்காக 1895ஆம் ஆண்டில் உறவினராற் பலவந்தமாக மனநோயாளர் விடுதியில் அடைக்கப்பட்டு, பொதுமக்களின் எதிர்ப்பினால் விடுவிக்கப்பட்டவர். இத்தகைய குடும்பத்தோடு கொண்ட உறவு லோட்டனை அரசியல்வாதியாக்கவில்லை. ஆயினும், இடதுசாரிச் சிந்தனை அவருக்கு அந்நியமானதாக இருக்கவில்லை என்பதை இதனால் உணரலாம்.

மேடையும் திரையும்

லோட்டனின் உடலமைப்பு அக்கால வணிக அரங்கு கதாநாயகனிடம் எதிர்பார்த்த இலட்சணங்களுக்கு முற்றிலும் மாறானது. பருத்த உடலும், தொங்கும் கன்னங்களும், தடித்த உதடுகளும் உடைய தம்மை அழகற்றவர் என்று அவர் வாழ்நாள் முழுவதும் கருதினார். காதல் நாயகனாக நடிக்க வழியில்லாத நடிகருக்கு நகைச்சுவைப் பாத்திரங்களும் கொடியோர் பாத்திரங்களுமே எஞ்சின. இந்த வரையறையையே அவர் தமது வலிமையாக மாற்றிக்கொண்டார். கொடியவனிடத்து அச்சத்தையும், கோமாளியிடத்து அவமானத்தையும், மன்னனிடத்துத் தனிமையையும் கண்டு காட்டுவது அவரது நடிப்பின் தனித்தன்மையாயிற்று.

அலெக்சாண்டர் கோர்டாவின் நெறியாள்கையில் 1933இல் வெளிவந்த 'எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை' அவருக்குச் சிறந்த நடிகருக்கான அக்கடமி விருதைப் பெற்றுத் தந்தது. உலகச் சந்தையிலே பிரித்தானியப் படங்களுக்கு இடமுண்டு என்பதை நிறுவிய படமும் அதுவே. புகழின் உச்சியில் நின்ற அந்நேரத்தில், 1933–34 பருவத்தில், குறைந்த கட்டணத்தில் சாதாரண மக்களுக்கு ஷேக்ஸ்பியர் நாடகங்களை வழங்கிய ஒல்ட் விக் அரங்கிலே அவர் சேர்ந்துகொண்டார். டைரோன் குத்ரியின் நெறியாள்கையில் மக்பெத், அஞ்சலோ, புரொஸ்பெரோ ஆகிய பாத்திரங்களையும், செக்கோவின் 'செர்ரித் தோட்ட'த்திலே பண்ணையடிமையின் வழித்தோன்றலான வணிகன் லொபாகினையும் ஏற்றார். அவரது மக்பெத் தோல்வியுற்றது; அஞ்சலோ பெரிதும் பாராட்டப்பட்டது. வீரனைக் காட்டிலும், ஒழுக்கசீலன் என்ற முகமூடிக்குள் அச்சத்தையும் இச்சையையும் மறைத்து வைத்த நீதிபதியே அவரது கலைக்கு ஏற்றவனாக இருந்தான். 1936இல் பாரிஸிலுள்ள கொமெடி பிரான்சேஸ் அரங்கிலே மொலியேரின் நாடகமொன்றிற் பிரெஞ்சு மொழியில் நடித்த முதலாவது ஆங்கில நடிகர் என்ற பெருமையும் அவருக்குக் கிட்டியது.

திரையில் அவர் ஏற்ற பாத்திரங்கள் பலவற்றிலே அதிகாரத்தின் இயல்பு பற்றிய கூர்மையான அவதானிப்பு வெளிப்படுவதைக் காணலாம். 1935இல் மட்டும் மூன்று குறிப்பிடத்தக்க படங்கள் வெளிவந்தன. 'பவுன்டி கப்பற் கலகம்' என்ற படத்தில் மாலுமிகளைச் சவுக்காலடித்து ஆளும் கப்டன் பிளை. விக்டர் ஹியூகோவின் 'ஏழை படும் பாடு' கதையிலே சட்டத்தைத் தவிர வேறெதனையும் அறியாத பொலிஸ் அதிகாரி ஜவேர். 'ரெட் கப்பின் ரகிள்ஸ்' என்ற நகைச்சுவைப் படத்திலே சூதாட்டத்தில் தோற்ற பிரபுவினால் அமெரிக்கருக்குக் கைமாற்றப்படும் வேலைக்காரன். இறுதியிற் குறிப்பிட்ட படத்திலே, பரம்பரை பரம்பரையாக அடிபணிந்து பழகிய அவ்வேலைக்காரன், மதுச்சாலையொன்றில் ஆபிரகாம் லிங்கனின் கெட்டிஸ்பேர்க் உரையைத் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்குகின்றான். அமெரிக்கர் எவருக்கும் நினைவில் இல்லாத அவ்வுரையை அந்நியனான ஏவலாளன் கூறக் கூற, அங்கிருந்தோர் ஒவ்வொருவராக அவனை நோக்கித் திரும்புகின்றனர். சமத்துவம் என்ற கருத்து வெறுஞ் சொல்லாக இருந்து மனித அனுபவமாக மாறும் கணமாக அதனை லோட்டன் ஆக்கிவிடுகின்றார்.

1939இல் வெளிவந்த 'நொட்ர டாம் கூனன்' படத்தை நெறிப்படுத்திய வில்லியம் டியற்றலே ஜேர்மனியிலிருந்து வந்த கலைஞர். 1943இல் லோட்டன் நடித்த 'இந்நாடு என்னுடையது' என்ற படத்தை நெறிப்படுத்திய ஜான் ரெனுவா, நாசிகளின் பிடியில் வீழ்ந்த பிரான்ஸிலிருந்து வெளியேறியவர். அப்படத்திலே லோட்டன் கோழையான பள்ளியாசிரியராகத் தோன்றுகின்றார். குண்டு விழும்போது மாணவர் முன்னிலையில் நடுங்கும் அவர், ஈற்றில் நீதிமன்றத்தில் அச்சமின்றி உண்மையைப் பேசி, மனித உரிமைப் பிரகடனத்தை மாணவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது கைதாகின்றார். கோழையொருவன் வீரனாகும் கதை அது. நான்கு ஆண்டுகளின் பின் அவர் ஏற்ற கலிலியோ பாத்திரமோ இதன் மறுதலையாகும்.

கலிலியோவின் ஆக்கம்

ஹிட்லரின் ஆட்சியினாற் புலம்பெயர்ந்து, பல நாடுகளில் அலைந்து, 1941இல் கலிபோர்னியாவை அடைந்த பிரெக்ட், ஹொலிவூட்டில் அநேகமாக எவராலும் மதிக்கப்படாத எழுத்தாளராக வாழ்ந்துகொண்டிருந்தார். 1944இல் அவருக்கும் லோட்டனுக்கும் நட்பு ஏற்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் 'கலிலியோவின் வாழ்க்கை' நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கும் பணியை இருவரும் தொடங்கினர். பசிபிக் சமுத்திரத்தை நோக்கிய குன்றின்மேல் அமைந்த லோட்டனின் வீடே அவர்களது பணிக்களமாயிற்று. அவ்வீட்டின் தோட்டம் பற்றிப் பிரெக்ட் கவிதையொன்றும் எழுதியுள்ளார்.

அவர்கள் கையாண்ட மொழிபெயர்ப்பு முறை தனித்துவமானது. லோட்டனுக்கு ஜேர்மன் தெரியாது. பிரெக்டின் ஆங்கிலமோ குறைபாடுடையது. எனவே, பிரெக்ட் ஒரு பகுதியைத் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்திலோ ஜேர்மனிலோ நடித்துக் காட்டுவார். லோட்டன் அதனைத் திருத்தமான ஆங்கிலத்திலே, பல்வேறு விதமாக, மீண்டும் நடித்துக் காட்டுவார். பொருத்தமான தொனியும் பாவனையும் அமைந்துவிட்டது என்று பிரெக்ட் ஏற்றுக்கொண்டதும் லோட்டன் அதனை எழுதிக்கொள்வார். அகராதியின் இடத்தை அங்கே நடிப்பு எடுத்துக்கொண்டது. ஒரு பாத்திரம் மற்றொரு பாத்திரத்தின்பால் கொள்ளும் சமூக மனப்பாங்கு உடலிலும் பேச்சிலும் வெளிப்படுவதைப் பிரெக்ட் தமது கொள்கையின் அடிப்படையாகக் கொண்டிருந்தார். அக்கொள்கையை விரிவுரையாகக் கேட்காமலே லோட்டன் அதனை நடைமுறையில் நிறைவேற்றினார்.

இப்பணி நடைபெற்றுக்கொண்டிருந்தபோது, 1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோஷிமா நகர்மீது அணுகுண்டு வீசப்பட்டது. இந்நிகழ்ச்சி நாடகத்தின் பொருளையே மாற்றியது. 1938–39இல் டென்மார்க்கில் எழுதப்பட்ட முதல் வடிவத்திலே, கலிலியோ திருச்சபையின் முன் தம் கொள்கையைத் துறந்தமை ஓரளவு தந்திரமாகவே தோற்றமளித்தது. அதிகாரத்தை ஏமாற்றி, இரகசியமாகத் தமது ஆராய்ச்சியை முடித்து, அதனை நாட்டுக்கு வெளியே அனுப்பிவிடும் முதியவர் அவர். நாசிசத்தின் கீழ் உண்மையை மறைவாகப் பரப்ப வேண்டியிருந்தோரின் நிலைமையை அவ்வடிவம் பிரதிபலித்தது. ஹிரோஷிமாவின் பின்னரோ, அரசுக்கு அடிபணிந்த விஞ்ஞானம் எதனைச் செய்யக்கூடும் என்பது வெளிச்சமாயிற்று. ஆகவே புதிய வடிவத்திலே கலிலியோ தம்மைத் தாமே கண்டிக்கின்றார். தாம் பணிந்ததன் மூலம் விஞ்ஞானத்தை மக்களிடமிருந்து பிரித்து ஆட்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டதாக அவர் கருதுகின்றார். அவரைப் போற்ற வரும் மாணவன் அந்திரேயாவின் பாராட்டை அவர் ஏற்க மறுக்கின்றார்.

இத்தகைய பாத்திரத்தை வீரனாகவோ கயவனாகவோ நடித்துவிடுவது எளிது. லோட்டன் இரண்டையும் தவிர்த்தார். முதற் காட்சியிலே காலை வேளையில் உடல் கழுவி, பால் அருந்தி, வேலைக்காரியின் மகனுக்கு வானியல் கற்பிக்கும் கலிலியோவுக்கு உணவும் சிந்தனையும் ஒரே வகையான இன்பத்தைத் தருகின்றன. அந்தப் பசியே அவரை ஆராய்ச்சிக்கு உந்துகின்றது. சித்திரவதைக் கருவிகளைக் காட்டியவுடன் அவரைப் பணியவைப்பதும் அதே பசிதான். அறிவின் மீதான வேட்கையும் உடலின் மீதான பற்றும் ஒரே மனிதனிடத்து ஒன்றையொன்று வளர்த்தும் அழித்தும் நிற்கும் முரண்பாட்டை வெளிப்படுத்துவதற்கு, லோட்டன் வெட்கப்பட்டு வந்த அப்பருத்த உடலே தக்க கருவியாயிற்று. இறுதிக் காட்சியில் வாத்திறைச்சியை உண்ணும் கிழவரிடம் முதற் காட்சியின் மகிழ்ச்சி பெருந்தீனியாகச் சீரழிந்திருப்பதைப் பார்வையாளர் கண்கூடாகக் கண்டனர்.

நாடகம் 1947 யூலை இறுதியிலே லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலுள்ள கொறனெற் என்ற சிறிய அரங்கில் மேடையேறியது. ஜோசப் லோசி நெறியாளர். ஹான்ஸ் ஐஸ்லர் இசையமைப்பாளர். கடும் வெப்பம் நிலவிய அந்நாட்களிலே, பார்வையாளர் சிந்திக்கக்கூடிய நிலையில் இருத்தல் வேண்டும் என்பதற்காக, பனிக்கட்டி ஏற்றிய லொறிகளை அரங்கின் சுவரோரமாக நிறுத்தி விசிறிகளை இயக்குமாறு லோட்டன் வற்புறுத்தினார் எனப் பிரெக்ட் பதிவு செய்துள்ளார். பார்வையாளரின் உணர்ச்சியைக் கிளறுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நட்சத்திர நடிகர், அவர்களது மூளையைக் குளிர்ச்சியாக வைத்திருக்கக் கவலைப்பட்டார் என்பது சிறிய செய்தியன்று.

விசாரணையும் விலகலும்

கலிலியோ மேடையேறிய அதே ஆண்டில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோத நடவடிக்கைகள் பற்றிய குழு ஹொலிவூட்டின்பால் தன் கவனத்தைத் திருப்பியது. 1947 ஒக்டோபர் 30ஆந் திகதி பிரெக்ட் அக்குழுவின் முன் தோன்றினார். சாட்சியமளிக்க மறுத்த பத்து ஹொலிவூட் கலைஞர்கள் பின்னர் சிறை சென்றனர். பிரெக்டோ தாம் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்ததில்லை என்று கூறி, ஏனைய வினாக்களுக்குச் சாதுரியமாக விடையளித்து, மறுநாளே ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். டிசம்பர் 7ஆந் திகதி நியூயோர்க்கில் நாடகம் தொடங்கியபோது அதனைக் காண அவர் அங்கில்லை. அங்கு ஆறு ஆற்றுகைகளே இடம்பெற்றன.

இந்நிகழ்ச்சிகளிலே கசப்பானதோர் ஒப்புமை உண்டு. முதல் வடிவத்துக் கலிலியோ போலப் பிரெக்ட் விசாரணையாளரைத் தந்திரத்தால் வென்று தமது எழுத்துக்களோடு எல்லையைக் கடந்தார். அதே வேளையில், இரண்டாம் வடிவத்துக் கலிலியோவாக மேடையில் நின்ற லோட்டன், அத்தகைய தந்திரத்தை மன்னிக்க முடியாத குற்றம் என்று ஒவ்வோர் இரவும் எடுத்துரைத்துக்கொண்டிருந்தார்.

ஆயின் லோட்டனின் சொந்த நிலைமை யாது? ஐஸ்லர் 1948இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. லோசி கரும்பட்டியலிலே சேர்க்கப்பட்டு, பின்னர் இங்கிலாந்திற் குடியேறினார். லோட்டன் அமெரிக்காவிலேயே தங்கி, 1950இல் அந்நாட்டுப் பிரசையானார். பிரெக்டுடன் அவர் மீண்டும் இணைந்து பணியாற்றவில்லை. இதனைக் கோழைத்தனம் என்று தீர்ப்பளிப்பது எளிது. ஆனால் அவர் தன்பாலின நாட்டமுடையவர் என்பது, அவர் மறைந்த பின்னரே பரவலாக அறியப்பட்டது. அன்றைய இங்கிலாந்திலும் கலிபோர்னியாவிலும் அது சட்டப்படி குற்றமாகக் கொள்ளப்பட்டது. இங்கிலாந்திலே 1967இற்கூட அச்சட்டம் பகுதியளவிலேயே தளர்த்தப்பட்டது. அரசின் பார்வை தன்மீது விழுந்தால் தொழில், மானம் அனைத்தையும் இழக்க நேரிடும் என்ற நிலையில் வாழ்ந்த ஒருவருக்கு, சித்திரவதைக் கருவிகளை முன்வைக்கத் தேவையில்லை. மௌனத்தைத் தோற்றுவிக்கும் சமூக ஒழுங்கைக் கணக்கிலெடாது மௌனம் சாதிப்பவனை மட்டும் விசாரிப்பது, திருச்சபையை விடுத்துக் கலிலியோவை மட்டும் கூண்டிலேற்றுவதாகும்.

பிற்காலப் பணிகள்

போர்க் காலத்திலே காயமுற்ற வீரருக்கு மருத்துவமனைகளில் நூல்களை வாசித்துக் காட்டத் தொடங்கிய லோட்டன், 1950களில் அதனைத் தனியொரு கலையாக வளர்த்தார். அமெரிக்காவின் சிறு நகரங்களுக்கெல்லாம் சென்று விவிலியத்தையும் டிக்கன்ஸையும் ஷேக்ஸ்பியரையும் ஒப்பனையோ காட்சியமைப்போ இன்றி வாசித்தார். 1951இல் பெர்னாட் ஷோவின் 'நரகத்தில் டொன் ஜுவான்' என்ற பகுதியை நான்கு நடிகர் மட்டும் தோன்றும் வாசிப்பு நாடகமாக அவர் நெறிப்படுத்தியமை பெருவெற்றி பெற்றது. நடிகன் பாத்திரமாகிவிடாது, பாத்திரத்தை எடுத்துரைப்பவனாக நிற்கும் இம்முறையிலே கலிலியோ நாட்களின் செல்வாக்கைக் காண்பது மிகையாகாது.

அவர் நெறிப்படுத்திய ஒரே திரைப்படம் 'வேடனின் இரவு' (1955) ஆகும். பொருளாதார மந்த காலத்து அமெரிக்காவிலே, மதபோதகனின் வேடத்தில் திரியும் கொலைகாரனிடமிருந்து இரு குழந்தைகள் தப்பியோடும் கதை அது. விரல்களில் அன்பு என்றும் வெறுப்பு என்றும் பச்சை குத்திய அப்போதகனாக ரொபர்ட் மிச்சம் தோன்றினார். பக்தியும் பணத்தாசையும் கைகோத்து வருவதையும், வறுமையால் நைந்த மக்கள் போலிப் போதகனுக்கு எளிதில் இரையாவதையும் இதனைப்போலக் கூர்மையாகக் காட்டிய அமெரிக்கப் படங்கள் சிலவே. வெளிவந்தபோது அப்படம் தோல்வியுற்றது; லோட்டனுக்கு வேறொரு படத்தை நெறிப்படுத்தும் வாய்ப்பு வரவில்லை. 1992இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலே பாதுகாக்கப்பட வேண்டிய படங்களுள் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது.

1957இல் 'அரசதரப்புச் சாட்சி' என்ற படத்தில் வழக்கறிஞராக நடித்தமைக்காக அவர் மீண்டும் அக்கடமி விருதுக்குப் பிரேரிக்கப்பட்டார். 1959இல் ஷேக்ஸ்பியரின் பிறப்பிடமான ஸ்ராட்போர்டிலே லியர் மன்னனாகவும், 'நடுவேனிற் கனவி'லே நெசவாளி பொட்டமாகவும் தோன்றினார். 1960இல் வெளிவந்த 'ஸ்பார்ட்டக்கஸ்' படத்திலே உரோம செனற்றர் கிரக்கஸாக நடித்தார். அடிமைகளின் எழுச்சியைச் சித்திரித்த அப்படத்தின் திரைக்கதையை எழுதியவர், 1947இல் சாட்சியமளிக்க மறுத்துச் சிறை சென்ற பதின்மருள் ஒருவரான டோல்ட்டன் டிரம்போ. அவர் பெயர் திரையில் வெளிப்படையாக இடம்பெற்றமை கரும்பட்டியலின் வீழ்ச்சிக்கு அறிகுறியாயிற்று. 1962 டிசம்பர் 15ஆந் திகதி லோட்டன் புற்றுநோயினாற் காலமானார்.

முடிவுரை

லோட்டனின் பணியை மதிப்பிடும்போது இரண்டு விடயங்களை நாம் வற்புறுத்த விரும்புகின்றோம். முதலாவது, நடிகனின் அறிவு பற்றியது. கொள்கையை வகுப்பவன் எழுத்தாளன், நிறைவேற்றுபவன் நடிகன் என்ற பிரிவினையைக் கலிலியோ அனுபவம் தகர்க்கின்றது. 1956இல் வெளியான நூலொன்றிலே, லோட்டன் அப்பாத்திரத்தை உருவாக்கிய முறையைப் பிரெக்ட் காட்சி காட்சியாக விவரித்துள்ளார். அது மட்டுமன்று. பிரெக்ட் பின்னர் ஜேர்மனியிலே உருவாக்கிய மூன்றாம் வடிவம், லோட்டனோடு ஆக்கிய ஆங்கில வடிவத்தை ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டது. அதற்கான ஒத்திகைகளை நடத்திக்கொண்டிருந்த நிலையிலேயே 1956 ஓகஸ்டில் பிரெக்ட் காலமானார். 1957 ஜனவரியில் பேர்லினர் என்செம்பிள் குழுவினர் அதனை மேடையேற்றினர். ஆங்கில நடிகரொருவரின் உடலும் குரலும் கண்டறிந்தவை ஜேர்மன் மூலத்தினுட் புகுந்து நிலைத்துவிட்டன.

இரண்டாவது, கற்றோரின் பொறுப்பு பற்றியது. 'இந்நாடு என்னுடையது' படத்தின் ஆசிரியர் உண்மையைப் பேசிக் கைதாகின்றார். கலிலியோ உண்மையைத் துறந்து வாழ்கின்றார். பல்கலைக்கழகங்களிலே பணியாற்றும் நம்மிற் பெரும்பாலோர் இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலேயே வாழ்கின்றோம். ஆய்வுக்கு வேண்டிய நிதியும் அமைதியும் அதிகாரத்தின் அனுமதியோடு கிடைப்பவை. எதனை ஆராய்வது, எதனை ஆராயாது விடுவது என்பதை அவ்வனுமதி சத்தமின்றித் தீர்மானித்து விடுகின்றது. லோட்டனின் கலிலியோ தம் கையெழுத்துப் பிரதியை மாணவனிடம் கொடுக்கின்றார். ஆனால் அதனைக் கொடுத்ததால் தமது குற்றம் தீர்ந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டவுடன் சமூகத்திற்குரிய நமது கடன் தீர்ந்துவிடுகின்றதா என்ற வினாவை, 1947இன் கோடை இரவுகளில் பனிக்கட்டி லொறிகள் சூழ்ந்த அச்சிறிய அரங்கிலிருந்து அவர் நம்மையும் நோக்கியே கேட்கின்றார்.